காகிதம் நோகாத வார்

டமார்.

மனித குலம் இதுவரை இரண்டே இரண்டு பெருங்காரியங்களைச் சாதித்திருக்கிறது. ஒன்று, நெருப்பைக் கண்டுபிடித்தது. மற்றொன்று, மேற்படி சத்தத்தோடு ஆரம்பமானது. நெருப்பு எந்தக் கிழமை, எந்த ஆபீசில், யார் உத்தரவின்பேரில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்கு ரிகார்டு கிடையாது. இரண்டாவது காரியத்துக்கோ தேதி, நேரம், சாட்சி, கமிட்டிக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் இருக்கின்றன. இரண்டில் எது மேலானது என்று விளக்க வேண்டியதில்லை.

இடம், சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா கச்சேரி. எந்தத் தாலுகா என்று சொன்னால் மற்றத் தாலுகாக்கள் மனம் வருந்தும். காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, மாசி மாதம், புதன்கிழமை, பகல் பதினொரு மணி. சத்தம் வந்தது ரிகார்டு ரூமிலிருந்து. அங்கே அன்று சப்-கலெக்டர் துரை தணிக்கைக்கு வந்திருந்தார்.

துரை மேல் தட்டில் ஒரு கட்டைக் காட்டினார். ரிகார்டு ரூம் சேவகன் சின்னண்ணன் ஏணிமேல் ஏறி, கட்டைச் சுற்றியிருந்த சணல் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு பத்திரமாக அவன் கையோடு வந்தது. கட்டு வரவில்லை. பதினைந்து வருஷமாக இறுக்கிப் பிடித்திருந்த கயிறு காகிதங்களின் ஓரத்தை அறுத்து அறுத்து, கடைசியில் கட்டையே இரண்டாகப் பிளந்துவிட்டிருந்தது. ஒரு பாதி துரையின் தொப்பிமேல் விழுந்தது. மறுபாதி தாசில்தார்மேல் விழுந்தது. தாசில்தாருக்குத் தொப்பி கிடையாது.

துரை தூசியைத் தட்டிக்கொண்டு தணிக்கைப் புத்தகத்தில் எழுதினார்: "பாதுகாக்கக் கட்டிய கயிறே தஸ்தாவேஜுகளைத் தின்றுவிட்டது. பரிகாரம் என்ன? முப்பது நாளில் ஜவாப்."

துரை போனதும் தாசில்தார் சிரஸ்தார் தண்டாயுதபாணியைப் பார்த்தார். சிரஸ்தார் தலைமைக் குமாஸ்தாவைப் பார்த்தார். தலைமைக் குமாஸ்தா மற்றக் குமாஸ்தாக்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் சேர்ந்து நகல் குமாஸ்தா குழந்தைவேலைப் பார்த்தார்கள். குழந்தைவேலுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அவன் பார்க்க ஆளில்லை.

இப்படித்தான் ஒரு மேதை உருவானான்.

குழந்தைவேல் ஏழு வருஷமாகத் "தற்காலிக" குமாஸ்தா. இந்தத் தற்காலிகத்துக்குள்ளேயே அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, இரண்டு குழந்தைகள் பிறந்திருந்தன, முன்தலையில் வழுக்கையும் விழுந்திருந்தது. வழுக்கை மட்டும் நிரந்தரம். மனைவி குஞ்சம்மாள் மாதம் ஒருமுறை, சம்பளத் தேதியன்று, "ஏனுங்க, இந்த மாசமாச்சும் உங்களை வெச்சுக்குவாங்களா?" என்று கேட்பாள். அவனும், "தெரியிலே" என்பான். அந்த வீட்டில் அதுவே குலதெய்வ வழிபாடு மாதிரி நடந்துவந்தது.

அன்று சாயங்காலம், விழுந்த காகிதங்களைக் குழந்தைவேல் அள்ளிக்கொண்டிருந்தபோது ராமாயி வந்தாள்.

ராமாயிக்கு ஊஞ்சக்காடு என்ற சிற்றூரில் இரண்டு ஏக்கர் பூமி. புருஷன் இல்லை. பூமிக்கு நடுவே ஒரு கிணறு. அந்தக் கிணற்றில் பாதிப் பங்கு தனக்கு என்று அவள் சொன்னாள். முழுக்கிணறும் தன்னுடையது என்று பக்கத்துப் பூமிக்காரர், பண்ணாடி அர்த்தநாரி, சொன்னார். அவள் தண்ணீர் இறைக்கக் கவலையில் மாடு கட்டினால் அவருடைய ஆட்கள் வந்து அவிழ்த்து விட்டார்கள். வழக்கு கோர்ட்டில் இருந்தது. வைகாசி பதினெட்டாம் தேதி விசாரணை. முன்னொரு காலத்தில், அர்த்தநாரியின் தகப்பனாரே இந்தக் கச்சேரிக்கு வந்து, "கிணறு பாதி பாதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதன் நகல்தான் ராமாயிக்கு வேண்டும்.

குழந்தைவேல் நல்லவன். அறுபத்தொன்றாம் நம்பர் கட்டை எடுக்கச் சொல்லி, அவிழ்த்து, பக்கம் நூற்றுப் பதின்மூன்றையும் நூற்றுப் பதினான்கையும் கண்டுபிடித்து, அவளுக்கு வாய்விட்டுப் படித்தும் காட்டினான்.

"பாதி பாதின்னு இருக்குதுங்களா சாமி?"

"இருக்குதுங்கம்மா. கீழே அவங்கப்பன் கையெழுத்து."

"அப்ப இப்பவே எழுதிக் குடுத்துருங்க. நான் வெளியில உக்காந்துக்கறேன்."

"அப்படி எழுதக்கூடாதுங்க. மனுமேல சிரஸ்தார் சின்னக் கையெழுத்துப் போடோணும். அதுக்கப்புறந்தான் நான் பேனாவைத் தொடலாம்."

"சின்னதுதானுங்களே, சீக்கிரம் போட்டுருவாரு" என்று சொல்லிவிட்டு ராமாயி போனாள். அவள் ஆபீஸ்களோடு அதிகம் பழகாதவள்.

மறுநாள் "தஸ்தாவேஜுக் கட்டு ஸம்ரக்ஷணக் கமிட்டி" ஏற்பட்டது. தலைவர் சிரஸ்தார். அங்கத்தினர்கள் தலைமைக் குமாஸ்தா, பொக்கிஷ குமாஸ்தா, ரிகார்டு கீப்பர் ஆகிய மூவர். "ஆராய்ச்சி நிபுணர்" குழந்தைவேல். முதல் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது: "கயிறு காகிதத்தை அறுப்பது விரும்பத்தக்கதல்ல என்று இக்கமிட்டி ஏகமனதாக அபிப்பிராயப்படுகிறது." தீர்மானத்தைக் கயிறு பொருட்படுத்தவில்லை.

குழந்தைவேலுக்கு ஞானம் உதித்தது தாசில்தாரின் காலடியில். மத்தியான வேளையில் தாசில்தார் பூட்ஸைக் கழற்றிவிட்டு முக்காலிமேல் காலை நீட்டிச் சற்றே கண்ணயர்வார். அதற்கு "ரெவின்யூ ஆலோசனை" என்று பெயர். கையெழுத்து வாங்கப் போன குழந்தைவேல், அவருடைய காலுறை நழுவாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே போட்டிருந்த ரப்பர் பட்டையைப் பார்த்தபடியே நின்றுவிட்டான்.

"என்னய்யா பார்க்கிறாய்?"

"ஐயா, அந்தப் பட்டை காலை அறுக்குமுங்களா?"

"அறுக்காது. இழுத்தால் இழுபடும், விட்டால் சுருங்கும். ஏன், உன் காலுக்கு வேண்டுமா?"

"எனக்குச் சாக்ஸே இல்லீங்க. கட்டுக்குங்க."

"கட்டுக்குச் சாக்ஸ் போடப் போகிறாயா?"

"சாக்ஸ் வேண்டாமுங்க. பட்டை மட்டும் போதுமுங்க."

தாசில்தார் சிறிது நேரம் அவனையே பார்த்துவிட்டு, ஏழு வருஷம் தற்காலிகமாக இருந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று எண்ணிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குழந்தைவேல் சூரமங்கலத்துக்குப் போய், மோட்டார் ஷெட்டில் தூக்கி எறியப்பட்டுக் கிடந்த பழைய பஸ் டியூப் ஒன்றை வாங்கிவந்தான். கத்தரித்து, அரை விரல் அகலத்தில் ஒரு வார் செய்தான். இரண்டாவது கூட்டத்தில் கமிட்டி முன்னிலையில் அதைக் கட்டைச் சுற்றி இழுத்தான். வார் நன்றாக இழுபட்டது. பிறகு அறுந்தது. ஒரு நுனி பொக்கிஷ குமாஸ்தாவின் காதைத் தடவிக்கொண்டு போய்ச் சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியைத் தாக்கியது. கடிகாரம் நாலு ஐம்பதில் நின்றது. வீட்டுக்குப் புறப்பட இன்னும் பத்தே நிமிஷம் என்ற அந்த இனிய நிலையிலேயே கச்சேரி அடுத்த ஒரு வாரம் இருந்தது. யாரும் கடிகாரத்தைப் பழுதுபார்க்கச் சொல்லவில்லை.

குழந்தைவேல் தளரவில்லை. அடுத்த வாரை இரண்டு விரல் அகலம் வைத்தான். அது அறவில்லை. ஆனால் பங்குனி வெயிலில் ரிகார்டு ரூம் ஓடு காய்ந்ததும், ரப்பர் இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது ஒரு மணியக்காரரின் ராஜிநாமாக் கடிதத்தில் பாதி வாரோடு வந்துவிட்டது. அந்த மணியக்காரர் பாதி ராஜிநாமாவோடு இன்னும் வேலையில் இருக்கிறார் என்று கேள்வி.

ஆகவே ரப்பருக்கு ஒரு சட்டை வேண்டும். அவன் ஆட்டையாம்பட்டிக்குப் போய் சுப்பையன் என்ற நெசவுக்காரரைப் பிடித்தான். ரப்பர் நீளும்போது கூடவே நீண்டு, சுருங்கும்போது கூடவே சுருங்குகிற மாதிரி, குழல் வடிவில், மெல்லிய நூலில் ஒரு நாடா நெய்யவேண்டும் என்றான்.

சுப்பையன் டியூபை இழுத்துப் பார்த்தார். "இது யாரு இடுப்புக்குங்க? அரைஞாணுங்களா?"

"இடுப்புக்கில்லீங்க. சர்க்கார் காகிதத்துக்கு."

"காகிதத்துக்கு அரைஞாண் கட்டற சர்க்காரா? அதுக்கு நோவுமோன்னு பார்க்கறீங்களாக்கும்."

"ஆமாங்க. நோகாம இருக்கோணும்."

"குடுத்துவெச்ச காகிதமுங்க" என்றார் சுப்பையன். ஆனாலும் நெய்து கொடுத்தார். குழந்தைவேல் நுனியில் ஒரு பித்தளைக் கொக்கியைத் தைத்தான். முடிச்சு இல்லை, அறுப்பு இல்லை, ஒட்டல் இல்லை. காகிதத்தின் ஓரத்தில் தழும்பே விழாது. நேர்மையாகச் சொன்னால், அது நல்ல வார்தான். அவன் அதை வீட்டில் தலையணையைச் சுற்றிப் போட்டு இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததாகக் குஞ்சம்மாள் சொல்கிறாள்.

மூன்றாவது கூட்டத்தில் வாரைக் கமிட்டி கடுமையாகச் சோதித்தது. முதலில் ஐம்பது அப்பளத்தை அடுக்கி அதைச் சுற்றி வாரைப் போட்டார்கள். ஒரு அப்பளம்கூட உடையவில்லை. பிறகு நூறு வெற்றிலைக்குப் போட்டார்கள். ஒரு வெற்றிலைகூடக் கசங்கவில்லை. "சோதனைப் பொருள்கள் கமிட்டியால் விதிப்படி தீர்க்கப்பட்டன" என்று குறிப்பில் இருக்கிறது. அப்பளத்தைப் பொரித்துக்கொண்டு வந்தது தலைமைக் குமாஸ்தாவின் வீட்டிலிருந்து.

சிரஸ்தார் தண்டாயுதபாணி மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே சலித்துக்கொண்டார். "என்னமோ ரப்பருங்கறே, கொக்கிங்கறே. கயிறு அறுத்தா வேற கயிறு கட்டறோம். இதுக்குப் போய்க் கமிட்டி. துரைக்கு என்னத்தையாவது எழுதி அனுப்பிவிட்டுச் சோலியைப் பார்க்கலாம்."

அப்போது வெளியே நின்றிருந்த சேவகன் சின்னண்ணன் வாசற்படியில் தலையை நீட்டினான். நாற்பது வயதுக்காரன். ரிகார்டு ரூமுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, எழுத்து வாசனை கிடையாது.

"ஐயா, ஒரு சங்கதிங்க. இந்த ரப்பரைப் போட்டா, என்ர திங்கக்கிழமைச் சோலி என்னங்க ஆகறது?"

"என்ன சோலி?"

சின்னண்ணன் சொன்னான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவன் தட்டுத் தட்டாகப் போய், ஒவ்வொரு கட்டின் கயிற்றையும் விரலால் ஒரு சுண்டு சுண்டுவான். கயிறு "ணங்" என்றால் கட்டு சரி. "தொப்" என்றால் கயிறு தளர்ந்திருக்கிறது, உள்ளேயிருந்து ஏதோ காகிதம் வெளியே போயிருக்கிறது. உடனே ரிகார்டு கீப்பரிடம் போய், "இன்ன கட்டு இளைச்சிருக்குதுங்க" என்று சொல்லிவிடுவான். முடிச்சும் அவன் போடுகிற முடிச்சு. வேறு யாராவது அவிழ்த்துக் கட்டினால் அவனுக்குத் தெரிந்துவிடும். எழுத்துத் தெரியாதவன் பதினெட்டு வருஷமாக அந்தக் கச்சேரியின் ஞாபகத்தைக் காத்துவந்தது இப்படித்தான்.

"ரெண்டு தாளு போனாக்கூடக் கயிறு சொல்லிப்போடுமுங்க. ரப்பரு சொல்லுமுங்களா?"

குழந்தைவேல் சிரித்தான். ஒரு மேதைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

"அதுதான் சின்னண்ணா இந்த வாரோட பெருமை. உள்ளே கூடினாலும் குறைஞ்சாலும் ஒரே இறுக்கம். ஐயா, இதைப் பாருங்க." கட்டை மேஜைமேல் வைத்து, வாரைக் கழற்றாமலேயே, நடுவிலிருந்து ஐந்து தாளை உருவினான். வார் மெல்லச் சுருங்கிக் கட்டைக் கவ்விக்கொண்டது. கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான். கல் மாதிரி இருந்தது.

சிரஸ்தார் மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னொரு அஞ்சு எடு."

எடுத்தான். வார் கவ்விக்கொண்டது.

"பத்து."

எடுத்தான்.

"வெளியிலிருந்து பார்த்தா எதுவும் தெரியலையே, தம்பி."

"தெரியாதுங்க" என்றான் குழந்தைவேல், பெருமை தாங்காமல். "எத்தனை எடுத்தாலும் தெரியாதுங்க."

சிரஸ்தார் தண்டாயுதபாணி எழுந்து வந்து அவன் முதுகில் கைவைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஏழு வருஷத்தில் அவர் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "தம்பி" என்றதும் முதல் தடவை. "இது சாதாரண வார் இல்லே, தம்பி. இதுக்காகத்தான் இந்த டிபார்ட்மெண்டு காத்துக்கிட்டு இருந்தது. நீ எதுக்கு இன்னும் தற்காலிகமா இருக்கறே? நான் எழுதறேன்."

சின்னண்ணன் விடவில்லை. "கட்டு இளைச்சா எப்படிங்க தெரியும்?"

"கட்டு ஏன் இளைக்கோணும்?" என்று கேட்டார் சிரஸ்தார். "இந்த ஆபீசில் காகிதம் காணாமல் போகும் என்று சொல்கிறாயா? அப்படியானால் யார்மேல் புகார்? பேரைச் சொல். எழுதிக்கொள்கிறேன்."

சின்னண்ணன் பேரைச் சொல்லவில்லை. மூன்றாவது கூட்டம் ஒரு தீர்மானத்தோடு முடிந்தது: "கட்டுகளை விரலால் சுண்டுவது தஸ்தாவேஜுகளுக்கு அதிர்ச்சி விளைவிப்பதாலும், சிப்பந்திகளிடையே அவநம்பிக்கையை வளர்ப்பதாலும், இன்று முதல் நிறுத்தப்படுகிறது." சின்னண்ணனுக்குத் "தோட்ட மேற்பார்வை" கொடுக்கப்பட்டது. கச்சேரிக்குத் தோட்டம் கிடையாது. ஒரு வேப்பமரம் உண்டு. அவன் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினான்.

வாருக்குத் "தண்டாயுதபாணி–குழந்தைவேல் ஸம்ரக்ஷண வார்" என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் நீளமென்றாலும் இழுபடக்கூடிய பொருளாதலால் பொருத்தமாகவே இருந்தது. துரைக்கு ஜவாப் போயிற்று. அவர் அதைப் படித்து மகிழ்ந்து, "ஒரு கட்டில் அறுபது நாள் போட்டுப் பார்க்கவும்" என்று எழுதினார்.

எந்தக் கட்டு? நாலாவது கூட்டம் அதற்காகவே கூடியது. சிரஸ்தார் கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப யோசித்து, "ரொம்பப் பெரிசா இருந்தாலும் உதவாது, ரொம்பச் சின்னதா இருந்தாலும் உதவாது. அறுபத்தொண்ணு நடுத்தரம்" என்றார். நிபந்தனைகள் எழுதப்பட்டன. அறுபது நாள் கட்டை யாரும் அவிழ்க்கக்கூடாது. கட்டு அதே தட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கவேண்டும். தினமும் காலையில் குழந்தைவேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். ரிகார்டு ரூம் சாவி வழக்கம்போல் சிரஸ்தாரிடம்.

அறுபத்தொன்று என்றதும் குழந்தைவேலுக்கு ஒரு கணம் உறுத்தியது. "ஐயா, அதுல ஒரு நகல் மனு நிலுவையிலே இருக்குதுங்க. கிணத்துக் கேஸு. வைகாசி பதினெட்டு வாய்தா."

"சோதனை என்னிக்கு முடியுது?"

"வைகாசி பதினஞ்சுங்க."

"பின்னே? மூணு நாள் முழுசா இருக்குதே. உன்ர பேரு நிரந்தரத்துக்குப் போயிருக்கற சமயத்துல, உன்ர சோதனையை நீயே கெடுத்துக்குவியா?"

கேள்வி நியாயமானது. குழந்தைவேல் உட்கார்ந்தான்.

சந்தைக்கு வரும்போதெல்லாம் ராமாயி கச்சேரிக்கும் வந்தாள்.

"கட்டு சோதனையில இருக்குதுங்கம்மா" என்றான் குழந்தைவேல்.

"காகிதத்துக்கு என்னுங்க சோதனை? அது எந்தக் கெணத்துல தண்ணி எறைக்கப் போவுது?"

"உங்க காகிதத்துக்குச் சேதம் வரக்கூடாதுன்னுதானுங்க இத்தனையும். அங்கே பாருங்க, எப்படி இருக்குது." கதவு வழியாக அவன் காட்டினான். மற்றக் கட்டுகள் கயிற்றால் இடுப்பு ஒடிந்து கிடக்க, அறுபத்தொன்று மட்டும் வெள்ளை நாடாவும் பித்தளைக் கொக்கியுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

ராமாயி எட்டிப் பார்த்தாள். "சோளம் காஞ்சு நிக்குதுங்க சாமி. மாட்டைக் கட்ட உடமாட்டேங்கறாங்க. அந்த வாரைக் கொஞ்சம் அவுத்து, அந்த ஒரு தாளை மட்டும் பார்த்து எழுதக்கூடாதுங்களா?"

"பதினஞ்சாந்தேதி நானே எழுதித் தர்றேனுங்க. என்னை நம்புங்க."

"உங்களைத்தானுங்க நம்பியிருக்கேன்" என்றாள் அவள். வெளியே வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சின்னண்ணன் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சோதனைப் புத்தகம் இன்றும் படிக்கத்தக்கது. "பங்குனி 17: இறுக்கம் திருப்திகரம். 18: திருப்திகரம். 19: திருப்திகரம்." சித்திரை முழுவதும் திருப்திகரம். நடுவே, சித்திரை பன்னிரண்டாம் தேதி மட்டும், "வார் சற்று உள்வாங்கியதுபோல் தோற்றம், இறுக்கம் மிகவும் திருப்திகரம்" என்று இருக்கிறது. விஞ்ஞானிக்கே உரிய கூர்ந்த பார்வை.

வைகாசி பதினைந்து காலையில் கமிட்டி முழுவதும் கூடி நிற்க, குழந்தைவேல் கொக்கியைக் கழற்றினான். காகிதங்களின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு தழும்பு இல்லை. ஒரு மடிப்பு இல்லை. பொக்கிஷ குமாஸ்தா கைதட்டினார். குழந்தைவேல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனான். நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதினைந்து.

திரும்பவும் புரட்டினான். நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதினைந்து.

எல்லோரும் போகும்வரை காத்திருந்து சிரஸ்தாரிடம் போனான்.

"ஐயா, அறுபத்தொண்ணுல ரெண்டு பக்கம் காணோமுங்க. மாசி மாசம் நானே பார்த்தேனுங்க. படிச்சேன்."

சிரஸ்தார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "வார் அறுந்திருந்ததா?"

"இல்லீங்க."

"கொக்கி கழண்டிருந்ததா?"

"இல்லீங்க."

"இறுக்கம்?"

"திருப்திகரமுங்க."

"அறுபது நாளும்?"

"அறுபது நாளுமுங்க."

"யார் எழுதினது அப்படி?"

"நானுங்க."

"அப்ப எது காணோம்?" என்று கேட்டார் சிரஸ்தார், அன்பாக. மேஜைமேல் இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று, ஜில்லாத் தலைமை ஆபீசிலிருந்து வந்த உத்தரவு: குழந்தைவேல் அன்று முதல் நிரந்தரம், சிரஸ்தார் ஒப்பமிட்டுக் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. மற்றது ஒரு அத்தாட்சி: "மனுதாரர் கோரும் தஸ்தாவேஜு 61-ஆம் கட்டில் இல்லை. மேற்படி கட்டு நவீன ஸம்ரக்ஷண வாரினால் கட்டப்பட்டு, அறுபது நாள் தினசரி பரிசோதனையில் குறைவின்றி இருந்ததால், அத்தகைய தஸ்தாவேஜு எக்காலத்திலும் அதில் இருந்திருக்க முடியாது." கீழே, "வாரின் நிர்மாணகர்த்தா" என்று அச்சடித்தாற்போல் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

குழந்தைவேல் பேனாவைக் கையில் எடுத்து வெகுநேரம் நின்றான். குஞ்சம்மாளின் மாதாந்திரக் கேள்வி நினைவுக்கு வந்தது. ஏழு வருஷம் என்பது எண்பத்துநாலு தடவை. கையெழுத்துப் போட்டான். அது சின்னக் கையெழுத்து அல்ல. முழுக் கையெழுத்து.

மறுநாள் ராமாயி வந்தாள். அத்தாட்சியை அவள் கையில் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாதாகையால் அதையும் அவனே படித்துக் காட்டவேண்டியிருந்தது.

அவள் அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "மாசி மாசம் படிச்சீங்களே சாமி. இதே பக்கம் உக்காந்து. பாதி பாதின்னு."

"அது வாய்மொழிங்கம்மா. ரிகார்டு ஆகாதுங்க."

"வாய்மொழிதானுங்க. உங்க வாயி."

குழந்தைவேல் மேஜைமேல் இருந்த பேனாக்களை நேராக அடுக்கினான். அடுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

கோர்ட்டில் வழக்கு ரொம்ப நேரம் நடக்கவில்லை. காகிதம் தொலைந்துபோயிற்று என்று ராமாயியின் வக்கீல் சொல்லிப் பார்த்தார். பழைய கயிற்றுக் காலமாக இருந்தால் அது எடுபட்டிருக்கும். எந்தக் கச்சேரியில்தான் காகிதம் தொலையவில்லை? ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதே அத்தாட்சியின் நகல் ஒன்றை நீட்டினார். இதைவிடப் பாதுகாப்பான கட்டு இந்த ராஜதானியிலேயே கிடையாது என்று அதைக் காட்டி வாதாடினார். அவ்வளவு பத்திரமான கட்டில் ஒரு காகிதம் இல்லை என்றால், அது பிறக்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? தீர்ப்பு ஆயிற்று. முழுக்கிணறும் அர்த்தநாரிக்கு.

விஞ்ஞானத்தின் நன்மை ஒருவரோடு நிற்கக்கூடாதல்லவா? ஆனி மாதத்துக்குள் முந்நூற்றுப் பதினான்கு கட்டுகளுக்கும் வார் போடப்பட்டது. சணல் கயிறுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி ஏலம் விட்டார்கள். மற்றத் தாலுகாக்களிலிருந்து சிரஸ்தார்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாரைத் தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, "எத்தனை தாள் வரைக்கும் தாங்கும்?" என்று ஆவலோடு விசாரித்தார்கள். தஸ்தாவேஜுகளின் பாதுகாப்பில் இவ்வளவு அக்கறை உத்தியோகஸ்தர்களிடம் அதற்குமுன் கண்டதில்லை என்று தாசில்தார் மனமுருகிச் சொன்னார்.

ஆனி கடைசியில் குழந்தைவேலுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. கச்சேரி முன்னால், வேப்பமரத்தடியில் பந்தல். மரம் அந்த வருஷம் நன்றாகத் தழைத்திருந்தது. சிரஸ்தார் பேசும்போது, "கயிறு சந்தேகத்தின் சின்னம், வார் நம்பிக்கையின் சின்னம்" என்றார். குழந்தைவேல் முதல்முறையாகக் காலுறை போட்டு, பட்டையும் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் குஞ்சம்மாள் புதுச் சேலையில் இருந்தாள். அவளுக்கு இனி மாதாமாதம் கேட்க ஒன்றும் இல்லை.

ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மாலை போட்டார்கள். கடைசியாக, காதில் கடுக்கனும் தோளில் பட்டுத் துண்டுமாக ஒருவர் வந்தார். செண்டுமல்லி மாலை, எல்லா மாலையையும்விடக் கனமானது. அதைக் குழந்தைவேலின் கழுத்தில் போட்டு, அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பண்ணாடி அர்த்தநாரியை அவன் அதுவரை பார்த்ததில்லை. அவரும் அவனைப் பார்த்ததில்லை. அவன் காதோடு சொன்னார்:

"நீங்கதானுங்களா சாமி அது? அந்தச் சணல் கயித்தைத் தாண்டமுடியாம ரெண்டு வருசமா உங்க சிரஸ்தாரு கையை விரிச்சுக்கிட்டே இருந்தாருங்க. நானும் வண்டி வண்டியாக் கடலைக்காய் கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருந்தேனுங்க."